கேபின் குரூ தேர்வு: பேட்டரி தீக்கு ஹாலானோடு பதிலை முடிக்காதீர்கள்

திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமிருந்து கேபின் குரூ பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: லித்தியம் பேட்டரி தீ பற்றிக் கேட்டால் "ஹாலான் (விமானத் தீயணைப்பானில் இருக்கும் வாயு) அடிப்பேன், தீ அணைந்துவிடும்" என்பது பாதிப் பதில்தான். ஹாலான் மேலே எரிகிற தீயை அடக்கும். பேட்டரிக்குள் இருக்கும் சூட்டை எடுக்காது. வைக்கோல் போரில் மேல் தீயை மட்டும் அணைத்துவிட்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? லேப்டாப் பேட்டரிக்குள் ஒரு செல்லின், அதாவது சிறு மின்கலத்தின், சூடு பக்கத்துச் செல்லைக் கிளப்பிவிடும். அதனால் தீ அடங்கியதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் ஜூஸ், சோடா எதுவானாலும் சரி, மது மட்டும் கூடாது.

இங்கே வாய்மொழித் தேர்வில் ஒரு கொக்கி போடுவார்கள்: "லித்தியமும் தண்ணீரும் சேரலாமா?" பள்ளி வேதியியலில் படித்தது உலோக லித்தியம். போன், லேப்டாப், பவர் பேங்கில் இருப்பது லித்தியம் அயனி; அதில் தனி உலோகமாக லித்தியம் பெரிதாக இருக்காது. குளிர்விப்பதுதான் முக்கியம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஐஸ் வைக்காதீர்கள், போர்வை போட்டு மூடாதீர்கள். இரண்டுமே சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். புகையும் பொருளைக் கையில் தூக்கி ஓடுவதும் தவறு. செல் வெடித்துத் தெறிக்கும். சார்ஜரில் இருந்தால், எட்ட முடிகிறபோது பிளக்கைப் பிடுங்கி, இருக்கை மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

செய்முறையில் குரூ மூவரின் வேலையையும் பிரித்துக் காட்டுங்கள். ஒருவர் புகைக்கவசம் மாட்டித் தீயோடு நிற்பார். ஒருவர் விமானிக்கு இடம், புகையின் அளவு, தீர்ந்த அணைப்பான்களின் எண்ணிக்கையைச் சொல்வார். மூன்றாமவர் பயணிகளை நகர்த்தி, அடுத்த அணைப்பானும் தண்ணீரும் கொண்டுவருவார். தலைக்கு மேலே பைகள் வைக்கும் லாக்கரில் புகை வந்தால் புறங்கையால் சூடு பார்த்து, குழல்முனை நுழையும் அளவு மட்டும் திறந்து அடித்து, உடனே மூட வேண்டும். முழுசாகத் திறந்தால் காற்று கிடைத்துத் தீ எழும். கடைசியில் பொருள் ஆறியபின் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் முழுக மூழ்கடித்து, தரையிறங்கும்வரை கண்காணிப்பு. எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதற்கு உங்கள் நிறுவனக் கையேட்டின் கணக்கையே எழுதுங்கள்.

எழுத்துத் தேர்வில் வாட்-மணி கணக்கு, அதாவது பேட்டரி எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும் என்ற கணக்கு, வரும். பவர் பேங்கின் 20,000 மில்லி ஆம்பியர்-மணியை செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74. யூஎஸ்பியின் 5 வோல்ட்டைப் போட்டால் 100 வந்து விடை கெடும். 100 வாட்-மணி வரை பொதுவாகக் கைப்பையில் அனுமதி, 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பவர் பேங்க் எந்த அளவானாலும் சரக்கறைப் பெட்டியில் போகக் கூடாது.

போன் இருக்கை இடுக்கில் விழுந்தால்? இருக்கையை அசைக்கவே கூடாது. நசுங்கினால் அங்கேயே பற்றும். பயணியை இருக்கையிலிருந்து எழச் சொல்லி, குரூவே கையால் தேடி எடுக்க வேண்டும்.