கேஷ் வாங்க மாட்டேன் என்று தொடங்கிய கம்பெனி

சமூக நோக்கத்துக்காகத் தொடங்கிய ஃபின்டெக் (தொழில்நுட்பம் வழியாகப் பணச் சேவை தரும் நிறுவனம்) என்று யாராவது தங்கள் கம்பெனியை அறிமுகப்படுத்தினால், நான் முதலில் போய்ப் பார்ப்பது கமிஷன் எவ்வளவு, எந்த ரேட்டில் மாற்றித் தருகிறார்கள் என்பதைத்தான். பணம் அனுப்பும் துறையில், கம்ப்ளையன்ஸ் பக்கம், அதாவது சட்ட விதிகளின்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் பக்கம், பல வருஷமாக வேலை பார்ப்பதால் வந்த பழக்கம். அப்படிப் பார்த்ததில் எனக்கு உண்மையாகவே மரியாதை வந்த மனிதர் ஒருவர் உண்டு: வெளிநாட்டுக்கு ஆன்லைனில் பணம் அனுப்பும் வேர்ல்ட்ரெமிட் நிறுவனத்தைத் தொடங்கிய இஸ்மாயில் அகமது. சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்துக்கொண்ட வடபகுதியான சோமாலிலாந்தின் ஹர்கெய்சாக்காரர். அவர் கதையைப் பெரும்பாலும் 'போருக்குத் தப்பி வந்தார், கோடீஸ்வரர் ஆனார்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் இருபது வருஷம்தான் அந்தக் கம்பெனியை உருவாக்கியது, அதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

1988-ல் லண்டனில் படிக்க அவருக்கு உலக வங்கியின் ஸ்காலர்ஷிப் கிடைத்திருந்தது. அதே வருஷம் ஹர்கெய்சாவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அன்றைய சோமாலியா ஆட்சியாளர் சியாத் பாரேயின் ராணுவ விமானங்கள் அந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அந்த ஊர் மீதே குண்டு போட்டன. இஸ்மாயில் தப்பி லண்டன் போய்ச் சேர்ந்தார், குடும்பம் எத்தியோப்பியாவின் அகதி முகாமுக்குப் போனது. படிப்புக்கு நடுவே தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரி பறித்துச் சம்பாதித்த காசை வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்குப் பணம் அனுப்புவது என்றால் ஏஜென்ட் கடையைத் தேடிப் போய், நோட்டை எண்ணிக் கொடுத்து, கமிஷனையும் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருப்பதுதான். வங்கிக்கு வெளியே, உண்டியல் முறையில் வீட்டுக்குக் காசு அனுப்பிய நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறம் அவர் இந்தத் துறையை ஓர் ஆராய்ச்சியாளராகவே படித்தார். 1991-ல் சோமாலியாவில் அரசே இல்லாமல் போனது, வங்கிகளும் போயின. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில்தான் குடும்பங்கள் ஓடின. அந்தப் பணம் போன பெரிய வழிகளில் ஒன்று அல் பரகாத் என்ற நிறுவனம். 2001 நவம்பரில், செப்டம்பர் 11 தாக்குதலுக்கு இரண்டே மாதத்தில், பயங்கரவாதத்துக்குப் பணம் போகிறது என்று சொல்லி அமெரிக்கா அதை முடக்கியது. பிற்பாடு இதை ஆராய்ந்த 9/11 ஆணையத்தின் அலுவலர்களுக்கு அதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் அதற்குள் கடை மூடியாகிவிட்டது, காத்திருந்த வீடுகளுக்குப் பணம் நின்றுவிட்டது. ஓர் அரசின் சந்தேகம் எவ்வளவு வேகமாக ஒரு சமையலறைக்குள் வந்து நிற்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இதற்குப் பிறகு இஸ்மாயில் நைரோபியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் சேர்ந்தார். சோமாலி பணப் பரிமாற்ற நிறுவனங்கள் கருப்புப் பணத் தடுப்பு விதிகளுக்கு உட்பட்டு நடக்க உதவுவது அவர் வேலை. அங்கே முறைகேடு நடக்கிறது என்று புகார் கொடுத்தார். கொடுத்தால் இந்தத் துறையிலேயே இனி வேலை பார்க்க முடியாது என்று மேலதிகாரி எச்சரித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கொடுத்தார், வேலை போனது. பிறகு ஐ.நா.வின் நெறிமுறைக் குழு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகக் கண்டு, ஏறத்தாழ 2 லட்சம் பவுண்ட் இழப்பீடு கிடைத்தது. வீடு வாங்கியிருக்கலாம். அவர் 2010-ல் வேர்ல்ட்ரெமிட்டைத் தொடங்கினார்.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி. அவர் எடுத்த முதல் பெரிய முடிவு, அனுப்புகிறவரிடம் கேஷ் வாங்குவதே இல்லை என்பது. கார்டு அல்லது வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். என் மேஜையிலிருந்து பாருங்கள். கவுன்டரில் ஒருவர் கட்டாக நோட்டு கொடுத்தால், அது அவர் சம்பளமா, யாருக்காவது பதிலாகக் கொடுக்கிறாரா, அடுத்த தெருக் கடையிலும் இதே ஆள் இன்னொரு பாதியைக் கட்டினாரா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. கையில் இருப்பது மங்கலான ஓர் அடையாள அட்டை நகல்தான். அந்தப் பெயரைத் தடைப் பட்டியலோடு (பணம் அனுப்பவோ வாங்கவோ அரசுகள் தடை விதித்தவர்களின் பட்டியல்) ஒப்பிட்டால், முகமது அகமது அலி மாதிரிப் பெயருக்கு ஸ்கிரீன் முழுக்க அலெர்ட் வரும், ஏனென்றால் அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்தால் அலெர்ட்டை ஒரு நிமிஷத்தில் க்ளோஸ் பண்ணலாம். தெரியாவிட்டால் பணம் நிற்கும், அவர் அம்மாவின் மருந்துக்கு அனுப்பியிருந்தாலும் நிற்கும். கார்டில் கட்டினால் நிலைமை வேறு: அவருடைய வங்கி ஏற்கெனவே அவரைச் சரிபார்த்திருக்கிறது, ஒவ்வொரு ரூபாய்க்கும் தடம் இருக்கிறது, தொகையைப் பிரித்துப் பிரித்து அனுப்பினால் சிஸ்டமே காட்டிக் கொடுக்கும். அதோடு ஏஜென்ட் கமிஷனும் போய்விடுகிறது. விதிகளுக்கு உட்படுவதும் விலை குறைவதும் ஒரே முடிவில் நடந்தன. விதிகளோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தவருக்குத்தான் இது கண்ணில் படும்.

2013-ல் பார்க்ளேஸ் வங்கி ஏராளமான பணப் பரிமாற்ற நிறுவனங்களின் கணக்குகளை மூடப் போவதாக அறிவித்தபோது இதன் அருமை தெரிந்தது. சோமாலிகள் அதிகம் நம்பியிருந்த தஹப்ஷீல் என்ற பணம் அனுப்பும் நிறுவனம் நீதிமன்றம் வரை போய்த் தற்காலிகத் தடை வாங்க வேண்டியிருந்தது. கருப்புப் பணம் தங்கள் வழியாகப் போய்விடுமோ என்பதுதான் வங்கியின் பயம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத கேஷில் அந்தப் பயம் இன்னும் அதிகம்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பும் உண்டு. வங்கிக் கணக்கே இல்லாத தொழிலாளி இந்தச் சேவைக்கு வெளியே நிற்கிறார். உண்மைதான், அவர்களுக்குக் கவுன்டர் இன்னும் தேவை. ஆனாலும் லண்டனில் கார்டு வைத்திருந்த புலம்பெயர்ந்தவர்கள், வேறு வழி இல்லாததால் மட்டுமே கவுன்டரில் நின்றவர்கள், ஏராளம். அவர்களிடமிருந்து தொடங்கியது சரி என்றுதான் நினைக்கிறேன்.

வாங்குகிற பக்கம் இன்னும் அழகு. 2009-ல் டெலிசோம் என்ற தொலைபேசி நிறுவனம் சோமாலிலாந்தில் ஸாட் என்ற மொபைல் பணச் சேவையைக் கொண்டுவந்தது. ஸ்மார்ட்போன் வேண்டாம், பட்டன் போனில் நம்பர் அடித்தால் போதும், டீக்கடை முதல் சந்தை வரை அதில் கொடுக்கலாம். வேர்ல்ட்ரெமிட் பிற்பாடு ஸாட்டோடு இணைந்தது. லண்டனில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அனுப்பும் பணம் ஹர்கெய்சாவில் அம்மாவின் போனில் மெசேஜாக விழுகிறது.

பின்னால் நடக்கும் வேலை எதுவும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. அந்த 'உடனே' என்பதற்காகக் கம்பெனி முன்கூட்டியே அந்த நாட்டில் பணம் போட்டு வைத்திருக்க வேண்டும். கார்டில் கட்டிய தொகை அவர்கள் கைக்குப் பிறகுதான் வரும். அமெரிக்காவில் அனுப்புவோர் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒவ்வொரு மாநிலத்திலும் தனி லைசென்ஸ். பிரிட்டனில் வங்கி அல்லாத நிறுவனங்களுக்கான பணப் பரிவர்த்தனை விதிமுறைகள் 2009 நவம்பரில் அமலுக்கு வந்தன, அதற்கு அடுத்த வருஷம் இவர் தொடங்கினார். ஆப் எழுதுவதில் போகும் உழைப்பு இதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான், ஃபின்டெக் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து ஆப் பற்றி மட்டுமே பேசும்போது எனக்குக் கவலையாக இருக்கும்.

மற்றது வேகமாக நடந்தது. 2014-ல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 4 கோடி டாலர் முதலீடு, 2015-ல் டிசிவி என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 10 கோடி. 2018-ல் அவர் சிஇஓ பொறுப்பை விட்டார். பிறகு கம்பெனி சென்ட்வேவ் என்ற இன்னொரு பணம் அனுப்பும் நிறுவனத்தை வாங்கியது, 2021-ல் தாய் நிறுவனத்தின் பெயர் செப்ஸ் என்று மாறியது, 2023-ல் நூற்றுக்கணக்கானவர்களை வேலையிலிருந்து எடுத்தது. நிறுவனர் நகர்ந்த பிறகும் நோக்கம் நிற்கிறதா என்று பத்திரிகைச் செய்தியை வைத்து முடிவு கட்ட நான் தயாராக இல்லை. இந்தத் துறையில் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 200 டாலர் அனுப்பினால் கமிஷனும் ரேட்டில் பிடிப்பதும் சேர்த்து எவ்வளவு போகிறது என்று உலக வங்கி எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்று பாதை பாதையாக வெளியிடுகிறது. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. உலக சராசரி இன்னும் அதைவிட வெகு மேலே இருக்கிறது, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது இன்னும் அதிகம். 'கமிஷன் இல்லை' என்று எழுதியிருக்கும் ஆப்களிலும் அதே 200 டாலரைப் போட்டு, அந்தப் பக்கம் கிடைக்கும் தொகையைச் சந்தை ரேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு குறைகிறதோ அதுதான் அவர்கள் வாங்கும் கமிஷன்.