கொடை வீடியோவும் சிகாகோ டிவியும்

2009 சித்திரையில் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. நான் சிகாகோ வந்து ஏழு மாதந்தான் ஆகியிருந்தது, லீவு கிடைக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் இருந்து தம்பி வீடியோக்காரரை வைத்துக் கொடையை எடுத்து, இரண்டு டிவிடியாகப் போட்டு, அல்வாப் பொட்டலத்தோடு ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். அல்வா அன்று ராத்திரியே தீர்ந்தது. டிவிடி ஓடவில்லை.

கடையில் வாங்கும் டிவிடிக்கு மண்டலப் பூட்டு உண்டு, ஒரு மண்டலத் தட்டு வேறு மண்டல பிளேயரில் ஓடாது: இந்தியா 5, அமெரிக்கா 1. அதுதான் தடுக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நம் வீடியோக்காரர்கள் போட்டுத் தருகிற தட்டில் அந்தப் பூட்டு கிடையாது. தடங்கல் வேறு இடத்தில். அப்போது நம் ஊர் டிவி பால் (PAL) முறை: 576 வரி, நொடிக்கு 25 படம். இங்கே என்டிஎஸ்சி (NTSC): 480 வரி, 29.97 படம். அங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. அதை ஒட்டி வந்த வித்தியாசம். நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும். இங்கே விற்றவை பெரும்பாலும் பால் தட்டை ஏற்காது.

லேப்டாப்பில் விஎல்சி என்கிற பிளேயர் சாஃப்ட்வேரில் போட்டால் படம் வந்தது. ஆனால் கொடையைத் தனியாகக் குனிந்து பார்க்க மனசு வரவில்லை. பக்கத்தில் தென்காசி, வள்ளியூர்க் குடும்பங்கள் இருந்தன. எல்லாருமாகப் பெரிய டிவியில் பார்க்க வேண்டும்.

பாலை என்டிஎஸ்சியாக மாற்ற முதலில் காசு கொடுத்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன். அது 25 படத்தை 23.976 ஆக மெதுவாக்கி, சத்தத்தையும் சேர்த்து இழுத்தது. சினிமாவுக்கு அது வழக்கமான வழிதான். கொடைக்கு ஆகாது. ஒரு மணி நேரம் இரண்டரை நிமிஷம் நீண்டது. நையாண்டி மேளத்தில் நாகசுரத்தின் சுருதி இறங்கிப்போனது. சாமியாடிக்கு அருள் வருகிற வேகமே அதில் இல்லை.

இலவசமாகக் கிடைத்த இன்னொன்று சத்தத்தைத் தொடவில்லை, படத்தைக் கெடுத்தது. அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக எடுக்கிறது: ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை, நொடிக்கு 50 பாதி. அவற்றைப் பிரிக்காமல் 576 வரியை 480 ஆக நசுக்கினால் இரண்டு பாதியும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். முன்வரிசையில் இருந்த ஆச்சி தலையை ஆட்டும்போதெல்லாம் காதில் தொங்கிய பாம்படம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிந்தது.

அதற்கப்புறம் ஒரு 20 நொடித் துண்டை வெட்டி வைத்துக்கொண்டேன். வில்லுப்பாட்டு அண்ணாவி (தலைமைப் பாடகர்) வீசுகோலால் நாணை அடிக்கிறார், வில்லில் மணிகள் குலுங்குகின்றன, ஓரத்தில் ஆச்சி. எந்த சாஃப்ட்வேர் ஆனாலும் முதலில் இந்தத் துண்டு. நின்ற காட்சியை எல்லாமே அழகாகக் காட்டும். கோல் வீசும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கடைசியில் தேறியது அவிசிந்த் (AviSynth) என்கிற சாஃப்ட்வேர், இலவசந்தான். பொத்தான் கிடையாது, செய்ய வேண்டியதை வரி வரியாக எழுதித் தரவேண்டும். பாதிகளைப் பிரித்து 50 முழுப்படமாக்கு, அதை 59.94 ஆக்கு, பிறகு 480 வரிக்குச் சுருக்கு, மறுபடி பாதிகளாகப் பின்னு. மேல்வரி முதலா, கீழ்வரி முதலா என்பதை மாற்றிச் சொன்னால் படம் முன்னும் பின்னும் உதறும். ஒரு ராத்திரி அதிலேயே போனது. 50-ஐ 59.94 ஆக்கவும் பல வழி. அசைவைக் கணித்து இடைப்படத்தைப் புதிதாக வரைகிற முறைதான் உயர்ந்தது என்பார்கள். எனக்கு அதில் வீசுகோல் ரப்பர் மாதிரி வளைந்தது. அடுத்தடுத்த படங்களைக் கலக்கிற எளிய முறையையே வைத்துக்கொண்டேன். கோல் லேசாக மங்கியது, ஆனால் நிமிர்ந்தே இருந்தது. சத்தத்தில் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வள்ளியூர் அக்கா தரையில் உட்கார்ந்து, "மணிச் சத்தங்கூட அப்படியே கேக்கு தம்பி" என்றாள். நடுவில் அம்மாவின் போன்.

"ஆச்சி முன்னால இருக்கது தெரியுதாய்யா?"

"தெரியுதும்மா. பாம்படம் ஆடுதது கூடத் தெரியுது."

அம்மா போனை ஆச்சியிடம் கொடுத்தாள். நான் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன்.