சாஃப்ட்னருக்குள் கிடக்கும் மணி

ராதாபுரம் பக்கம் மாமா வீட்டில் போர் தண்ணி. சோப்பு நுரைக்காது, குண்டானில் வெள்ளையாகப் படியும். இப்போது அந்தக் கடினத் தண்ணியை மென்மையாக்க வாட்டர் சாஃப்ட்னர் மாட்டியிருக்கிறார். "ஏ மருமவனே, இதுக்குள்ள என்னல கெடக்கு?" என்றார். பொடிப்பொடி பிளாஸ்டிக் மணிதான் மாமா, நாங்கள் லேபில் செய்கிற மணிக்கு அது அண்ணன் முறை!

பிளாஸ்டிக்குக்கு மூலமான ஸ்டைரீனும், அதன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கக் கொஞ்சம் டைவினைல்பென்சீனும் கலந்து, வினையைத் தொடங்கி வைக்கும் பென்சாயில் பெராக்சைடு கரைத்து, துளிகள் ஒன்றுசேராமல் தடுக்கும் பாலிவினைல் ஆல்கஹால் போட்ட தண்ணீரில் ஊற்றி, 80 டிகிரி சூட்டில் கலக்க வேண்டும். எண்ணெய் மாதிரி இருக்கும் அந்தக் கலவை துளித்துளியாகப் பிரியும். ஒவ்வொரு துளியும் தனித்தனியாக இறுகி ஒரு மணி ஆகும். கலக்கும் ஸ்டிரரின் வேகத்தைக் கூட்டினால் மணி பொடிசாகும். நடுவில் ஒரு கட்டம் வரும் பாருங்கள், துளிகள் பாதி இறுகிப் பசையாக இருக்கும். அந்த நேரம் பார்த்து கரண்டு போனால் தொலைந்தது, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி. அப்புறம் குடுவையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதுவரை அது வெறும் பிளாஸ்டிக். கந்தக அமிலத்தில் சூடாக்கி சல்போனிக் தொகுதி என்ற அணுக்கூட்டத்தை அதில் ஏற்றினால்தான் அதற்கு வேலை வரும்: தண்ணீரின் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். இதே பாலிஸ்டைரீன் மணியில் வேறு தொகுதியை ஏற்றி, 1963இல் அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்டு அதன்மேல் பெப்டைடு, அதாவது அமினோ அமிலச் சங்கிலி, கட்டிக் காட்டினார். அதற்கு 1984இல் நோபல்.

மாமாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "மாசாமாசம் உப்பு எதுக்குல கேக்கு?" என்பதுதான் கவலை. மணி நிறைந்ததும் உப்புத் தண்ணி விட்டால்தான் பிடித்த கால்சியத்தைக் கக்கும் மாமா, உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்.