கந்தல் போர்வைக்கும் ஒரு பெயர்ப்பட்டை

குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு குழந்தை வந்து சேர்ந்ததும் எடை, காய்ச்சல், ஒவ்வாமை, கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது என்று கேட்டு எழுதுவோம். கூடவே நான் தவறாமல் கேட்கிற இன்னொரு கேள்வி உண்டு: "பாப்பா தூங்கும்போது கையில ஏதாவது வெச்சுக்குமா? வீட்டுல அதை என்னன்னு கூப்பிடுவீங்க?" கேட்டதும் பெற்றோர் முகத்தில் பெரும்பாலும் ஒரு கூச்சம் வந்துவிடும். "இருக்கு சிஸ்டர், ஆனா ரொம்ப அழுக்கு, இங்கே எடுத்துட்டு வரலாமான்னு தெரியல" என்பார்கள். பாதிப் பேர் அதைப் பையின் அடியில், மாற்றுத் துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருப்பார்கள். முதலில் அதை வெளியே எடுத்து குழந்தை கையில் கொடுங்கள் என்பேன்.

நிறம் போன போர்வை, பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிப்போன கரடி, ஒரு காது மட்டும் மிச்சமிருக்கிற முயல், அம்மா போட்டுப் பழசாகிப்போன ஒரு சட்டை, இப்படி எது வேண்டுமானாலும் இருக்கலாம். நடுப்பகுதியைப் பல குழந்தைகள் கண்டுகொள்வதே இல்லை, அவர்களுக்கு வேண்டியது ஒரு மூலைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த மூலையை வைத்துத் தேய்ப்பார்கள், அல்லது மேலுதட்டில் மெல்ல உரசிக்கொண்டே இருப்பார்கள். பொம்மையின் பக்கவாட்டில் தைத்திருக்கும் சின்ன வழவழப்பான லேபிள், துவைக்கும் முறை அச்சிட்டிருக்குமே, அதை எழுத்தெல்லாம் அழிந்து கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். விரல்களின் வேகத்தைப் பார்த்தே எனக்குக் குழந்தையின் நிலைமை பிடிபட்டுவிடும். ட்ரிப்ஸ் மாற்ற உள்ளே நுழைந்ததும் தேய்ப்பது வேகமாகும், நான் தள்ளிப்போனதும் மெதுவாகும். வலி எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வயதில் இது பெரிய தகவல்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற நேரம்தான் இதன் அருமை முழுசாகத் தெரிவது. எங்கள் இடத்தில் அம்மாவோ அப்பாவோ குழந்தை மயங்கும்வரை கூட இருக்கலாம், அதற்கப்புறம் வெளியே வந்துவிட வேண்டும். எங்கேயும் ஒரு கட்டத்துக்கு மேல் பெற்றோர் கூடப் போக முடியாது. கண் விழிக்கும்போது முதலில் தெரிவதும் அம்மா முகமாக இருக்காது, முகக்கவசம் போட்ட யாரோ ஒருவர்தான் நிற்பார். அந்த இடைவெளி முழுக்கக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்தப் போர்வை. மயங்கியதும் அதைக் கையிலிருந்து மெதுவாக உருவி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி, ரெக்கவரி அறைக்கு அனுப்பிவிடுவோம். மயக்கம் தெளியும்போது சில சின்னக் குழந்தைகள் யார் என்ன என்று புரியாமல் கத்தித் திமிறுவார்கள். செவோஃப்ளூரேன் மாதிரியான மயக்க வாயு கொடுத்தபின் இது பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தைகளிடம் அதிகம், யாருடைய தப்பும் இல்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனாலும் கண் திறக்குமுன்பே அந்த மூலை விரல்களுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கண் இன்னும் சொருகிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் தேய்க்க ஆரம்பித்துவிடும், அதைப் பல தடவை பார்த்தாயிற்று.

இதைப் பற்றிக் கவனமாக எழுதியவர்களில் முக்கியமானவர் டொனால்ட் வின்னிகாட். பிரிட்டனில் குழந்தைகள் மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்தவர். 1951இல் அவர் வாசித்த கட்டுரை 1953இல் அச்சில் வந்தது. குழந்தை தானும் அம்மாவும் வேறு வேறு என்று உணரத் தொடங்குகிற காலத்தில், நானும் இல்லை அம்மாவும் இல்லை என்கிற ஒரு நடுப்பகுதி அதற்குத் தேவைப்படுகிறது, அந்த இடத்தில் வந்து உட்காருவதுதான் இந்தத் துணியும் பொம்மையும் என்றார். வேலையில் எனக்கு ரொம்ப உதவியது அவர் சொன்ன வேறொன்று. துவைத்தால் அந்தப் பொருளின் தொடர்ச்சி அறுந்துபோகும், குழந்தைக்கு அதன் அர்த்தமும் மதிப்பும் கெட்டுவிடலாம் என்பது அம்மாவுக்குத் தெரியும், அதனால்தான் அழுக்கேறி நாற்றமடித்தாலும் விட்டுவைக்கிறாள் என்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து, சங்கடப்பட்டு நிற்கிற அம்மாக்களிடம் நீங்கள் செய்தது சரிதான் என்று தயங்காமல் சொல்ல முடிகிறது.

சரி, தொலைந்துவிட்டால்? ஆஸ்பத்திரியில் இது நிஜமாகவே நடக்கிற விஷயம், ஏனென்றால் போர்வை எப்போதும் படுக்கை விரிப்போடு கலந்தே கிடக்கிறது. அதிகாலையில் விரிப்பை மாற்றுகிறவர் மொத்தமாகச் சுருட்டி எடுத்துப் போனால் அதுவும் சலவைக்குப் போய்விடும். அப்படித்தான் ஒரு சின்னப் பையனின் கரடி காணாமல் போனது. அவன் அப்பா உடனே ஓடி அதே நிறம், அதே அளவில் புதிது ஒன்றை வாங்கி வந்தார். பையன் அதை வாங்கி மூக்கில் வைத்து ஒரு தடவை மோந்தான். அழவில்லை, தூக்கி எறியவும் இல்லை. கொண்டுபோய் ஜன்னல் திட்டில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டான். அந்த அப்பா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சலவைப் பிரிவுக்கு ஆள் அனுப்பித் தேடச் சொன்னோம், சாயங்காலம் கிடைத்தது. வெந்நீரில் வெளுத்துப்போய், வாசனையே இல்லாமல் இருந்தது, ஆனாலும் கடித்துக் கடித்துப் பிய்ந்திருந்த காதை வைத்து அதுதான் என்று அடையாளம் கண்டுகொண்டான். அதிலிருந்து எங்கள் வார்டில் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுகிற பெயர்ப்பட்டை மாதிரியே ஒன்றை எழுதிப் பொம்மைக்கோ போர்வைக்கோ கட்டிவிடுகிறோம்.

புரூஸ் ஹுட், பால் புளூம் என்கிற இரண்டு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே காட்டுகிறது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டி, இது எந்தப் பொருளையும் அச்சு அசலாக இன்னொன்று செய்து தரும் என்று நம்பவைத்தார்கள். சாதாரணப் பொம்மை என்றால் நகலை எடுத்துக்கொள்ளக் குழந்தைகளுக்குத் தயக்கம் இல்லை. தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொருள் என்றால் பெரும்பாலானவர்கள் அசல்தான் வேண்டும் என்றார்கள், சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே ஒப்புக்கொள்ளவில்லை. புதுசு வாங்கித் தருகிறேன் என்று சமாதானம் சொல்கிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

துவைத்தே ஆக வேண்டிய நிலையும் வரும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்திருக்கிற குழந்தைகள் பக்கத்தில் அழுக்குத் துணியை வைக்க முடியாது, அதில் சலுகை கிடையாது. அப்போதும் தூங்கும்போது திருட்டுத்தனமாக எடுத்துப் போகாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிந்தால் குழந்தையின் கண் முன்னாலேயே, வீட்டில் வழக்கமாகப் போடுகிற சோப்புத்தூளிலேயே துவையுங்கள். பெரிய போர்வையாக இருந்தால் இரண்டாக வெட்டி ஓரம் தைத்து, சின்ன வயதிலிருந்தே இரண்டையும் மாற்றி மாற்றிப் பழக்குகிற அம்மாக்கள் இருக்கிறார்கள், நல்ல யோசனை. அப்புறம் ஒரு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தை தூங்கும் தொட்டிலில் போர்வை, பொம்மை எதுவுமே இருக்கக் கூடாது. மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுக்கலாம்.

எனக்கு உடன்பாடில்லாத வழக்கம் ஒன்று எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. குழந்தைக்கு ஊசி போடுமுன் அதன் பொம்மைக்குப் போட்டுக் காட்டுவது. பொம்மையை வைத்து விளக்குவது நல்ல முறைதான், ஆனால் அதற்கு வார்டு பொம்மை போதும். குழந்தை தன் பயத்தையெல்லாம் கொண்டுபோய் வைக்கிற ஒரே இடத்தில் போய் நாம் ஊசியைக் குத்தினால் அப்புறம் அது எங்கே போகும்? குழந்தையே வந்து "இதுக்கும் கட்டுப் போடுங்க" என்று கேட்டால் அது வேறு விஷயம், சந்தோஷமாகப் போட்டுவிடுவேன்.

இதைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கோழையாக வளர்ந்துவிடுமோ என்று பெற்றோர் கேட்காத வாரம் இல்லை. வீட்டில் அன்பு குறைந்ததால்தான் இப்படியோ என்ற பயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கும். அப்படி எதுவும் இல்லை. 1950களில் ஹாரி ஹார்லோ என்கிற அமெரிக்க உளவியலாளர் குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு தாயும் துணியால் ஒரு தாயும் செய்து வைத்தார், பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் பெரும்பாலான நேரம் துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குட்டிகளை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது, ஆனால் மெத்தென்ற ஒன்றைத் தொட்டுக்கொண்டிருப்பது பசியைப் போலவே ஒரு தேவை என்பது அதிலிருந்து தெரிந்தது. நான் பார்த்தவரை போர்வையைக் கையில் வைத்திருக்கிற குழந்தைதான் கட்டிலை விட்டு முதலில் இறங்கி, விளையாட்டு மூலை வரை போய்ப் பார்க்கிறது. எதையுமே பிடித்துக்கொள்ளாமல் நிம்மதியாகத் தூங்குகிற குழந்தைகளும் ஏராளம், அவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை.

பத்து, பன்னிரண்டு வயதுக்காரர்கள் கதை வேறு. அவர்கள் கொண்டுவந்திருப்பதை நம்மிடம் சொல்ல மாட்டார்கள். தலையணை உறைக்குள் இருக்கும், இல்லையென்றால் சட்டைக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். இவர்களிடம் மற்றவர்கள் முன்னால் நான் எதுவும் கேட்பதில்லை. தியேட்டருக்குக் கிளம்புமுன் திரையை இழுத்துவிட்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "உள்ளே கூட எடுத்துட்டுப் போகலாம், போர்வைக்குக் கீழே வெச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாது, எழுந்திருக்கும்போது உன் கையிலயே இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெயர்ப்பட்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிடுவேன். பெரும்பாலும் திரும்பி வருவதற்குள் அதை அவர்களே கட்டி முடித்திருப்பார்கள்.