முடிசூட்டுத் தாலர் 1861: ஒருவழியாக 10.29

காசு அசல் வெள்ளியா என்று நீரில் அமிழ்த்தி எடைபோட்டுப் பார்த்ததில், மூன்றாவது தடவைதான் கணக்கு உதைக்காமல் வந்தது. பிரஷ்ய அரசர் முதலாம் வில்ஹெல்ம் 1861 அக்டோபர் 18 அன்று கோனிக்ஸ்பெர்க்கில் முடிசூடியதற்காக வெளியிட்ட வெள்ளித் தாலர் (பழைய ஜெர்மன் நாணயம்). 1857 வியன்னா நாணய ஒப்பந்தப்படி 500 கிராம் சுத்த வெள்ளியில் 30 தாலர். 90 சதவீதத் தரத்தில் ஒன்று 18.52 கிராம். இந்தக் காசு 18.49. இந்த வயதுக்கு நல்ல எடை.

ஒப்படர்த்தி, அதாவது காசின் எடை அது விலக்கும் நீரின் எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது, 10.3 அளவில் இருக்க வேண்டும். முதலில் வந்ததோ 10.01. தராசின்மேல் வைத்த நீர்க்குவளைக்குள் காசைத் தொங்கவிட்டபோது, விலக்கிய நீரின் எடையாகத் தராசு 1.84 கிராம் காட்டியது. காரணம் பருத்தி நூல்: தடிமனால் அதுவும் நீரை விலக்கும், நாருக்குள் காற்றும் பிடித்து வைக்கும். மெல்லிய நைலான் இழைக்கு மாற்றி, இழையை மட்டும் அதே ஆழத்துக்கு இறக்கி டேர் (தராசைப் பூச்சியமாக்கும் பொத்தான்) அழுத்தியதும் 1.82.

மிச்சத் தகராறு விளிம்பில். ‘காட் மிட் உன்ஸ்’ (Gott mit uns, ‘கடவுள் நம்மோடு’) என்று குழிவாகப் பொறித்த எழுத்துகளில், குறிப்பாக ‘ஓ’வின் வயிற்றில், கடுகளவுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. காசைப் படுக்கையாக இறக்கினால் அடிப்பக்கத்திலும் காற்று மாட்டும். கொதித்து ஆறிய நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், செங்குத்தாக மெதுவாக இறக்கல், நீருக்குள்ளேயே மென்தூரிகையால் விளிம்பை ஒரு சுற்று வருடல். 1.79! 18.49ஐ 1.79 ஆல் வகுத்து, 30 டிகிரி நீரின் அடர்த்தியான 0.9957 ஆல் பெருக்கினால் 10.29. தூரிகையோடு நிறுத்த வேண்டும். துணி போட்டுத் தேய்த்தால் மயிர்க்கீறல் விழும், பழைய மினுக்கு திரும்பாது.

0.1 கிராம் தராசை இதற்கு எடுக்கவே வேண்டாம். 1.8 என்றால் 10.0 முதல் 10.5 வரை எதுவாகவும் இருக்கலாம். வெள்ளி முலாம் பூசிய பித்தளை 2.1க்கு மேல் போய் உடனே மாட்டிவிடும். ஆனால் ஈயமும் தகரமும் கலந்து 10.3ஐ எட்ட முடியும் என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. நியோடிமியம் காந்தத்தைச் சாய்த்த காசின்மேல் விட்டால், அசல் வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். அந்தச் சோதனை பாக்கி.

காசை வைக்க 33 மி.மீ. கேப்சூலும் (மூடியுள்ள வட்டப் பெட்டி) வாங்கவில்லை. மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம், பச்சைப் பிசுக்கு ஏறிவிடும். ஏறிய காசுக்குச் சுத்தமான அசிட்டோன் குளியல்தான் வழி. அடுத்தது சாக்சனி அரசர் யோஹானின் தாலர். எடை இதேதான், ஆனால் விளிம்பில் ‘காட் செக்னே சாக்சன்’ (Gott segne Sachsen). குமிழ் ஒட்ட இதில் பத்து எழுத்து, அதில் பதினாறு.