மாடல் 100-க்கு ஒரு ரெக்ஸ் அட்டை

ரேடியோ ஷாக் 1983-இல் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 மடிக்கணினியில் டிஸ்க் கிடையாது. எழுதுவதெல்லாம் ராமிலேயே கிடக்கும், அதுவும் அதிகபட்சம் 32 கேபி. நான்கு ஏஏ பேட்டரியில் கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஓடும் என்பதால் செய்தியாளர்கள் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ராம் ஒருமுறை அழிந்தால் அத்தனையும் போச்சு. இந்தக் குறைக்காகத்தான் ரெக்ஸ் வாங்கினேன். ஆர்வலர் ஒருவர் வடிவமைத்த சின்ன மின்சுற்று அட்டை அது. கணினியின் அடியில் கூடுதல் ரோம் (நிரல் பதிந்த சில்லு) போடுவதற்கென்று இருக்கும் சாக்கெட்டில் உட்காரும். பல ரோம்களின் நகலைத் தன் ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேண்டியதை முன்னால் நிறுத்தும். ராம் மொத்தத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் செய்யும்.

அட்டையைத் தொடுமுன் உள்ளே இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரியைக் கவனியுங்கள். அணைத்து வைத்திருக்கும்போது ராமைக் காப்பது அதுதான். போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் அது கசியாமல் இருந்தால் அதிசயம். என்னுடையதில் பச்சை பூத்திருந்தது. கழற்றி, சுத்தம் செய்து, புதிது வைத்தேன். பொருத்துவதோ எளிது: மூடியைத் திறந்து, திசை பார்த்து, அட்டையை அழுத்தினால் முடிந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண ஈப்ராமை (நாமே நிரல் பதியக்கூடிய ரோம் சில்லு) அங்கே நேரடியாகச் செருக முடியாது. கால்களின் வரிசை வேறு.

உண்மையான வேலை அதன் பிறகுதான். ரெக்ஸை இயக்கும் மென்பொருளை முதலில் கணினிக்குள் கொண்டுபோக வேண்டுமே! உள்ளே நுழைய வசதியான வழி பின்னால் இருக்கும் 25 பின் சீரியல் போர்ட். அந்தக் காலத்தில் ரேடியோ ஷாக்கின் தாய் நிறுவனமான டாண்டி, 100 கேபி கொள்ளும் ஒரு ஃபிளாப்பி டிரைவை இந்தப் போர்ட்டில் மாட்டிக்கொள்ள விற்றது. இப்போது அந்த டிரைவ் போலவே நடிக்கும் நிரல்கள் இருக்கின்றன. லினக்ஸ் கணினியில் ஓட்டினால் மாடல் 100 தன் பழைய டிரைவோடு பேசுவதாகவே நினைத்துக்கொள்ளும்.

என்னைப் படுத்தியது கேபிள். கையில் இருந்த நல் மோடம் கேபிளில் (இரண்டு கணினிகளின் சீரியல் போர்ட்டுகளை நேராக இணைப்பது) மூன்றே கம்பிகள்: அனுப்ப, வாங்க, கிரவுண்ட். சாதாரண டெர்மினல் வேலைக்கு அது போதும். டிரைவோடு பேசும் மென்பொருளோ எதிர்முனை தயாரா என்று வேறு கம்பிகளில் பார்க்கும். பதில் வராவிட்டால் அசையாமல் நிற்கும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாக் கைகுலுக்கல் கம்பிகளும் உள்ள கேபிளை மாட்டியதும் அந்த மௌனம் கலைந்தது. இந்தக் கேபிளுக்குச் செலவிடும் காசில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது நிரலை ஊட்டுவது. மாடல் 100-இலேயே இருக்கும் பேசிக் நிரல்மொழியில் ஒரே ஒரு ரன் கட்டளை கொடுத்து, சீரியல் போர்ட்டிலிருந்து 19200 பாட் வேகத்தில் நிரலை வாங்கச் சொன்னேன். முதலில் வருவது குட்டி ஏற்றி. அது மீதியை இழுத்துக்கொள்ளும். பிறகு பேசிக்கில் 'கால் 63012' (CALL 63012) என்று தட்டினால் கட்டுப்பாடு கூடுதல் ரோமுக்குப் போகும். எட்டு வரித் திரையில் ரெக்ஸின் பட்டியல் வந்து நின்றது.

முதல் வேலையாக, டிரைவில் உள்ள கோப்புகளைக் கையாளும் டிஎஸ்-டாஸ் என்ற மென்பொருளின் ரோமை ஏற்றினேன். இனி கோப்புகளை லினக்ஸ் பக்கம் அனுப்பவும் வாங்கவும் பேசிக்கை நாட வேண்டாம். பிறகு ராம் நகல் ஒன்று. நம்பலாமா என்று பார்க்க, கன்ட்ரோலையும் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் ரீசெட்டை அழுத்தி எல்லாவற்றையும் துடைத்தேன். மெனுவில் 29638 பைட் காலி, தேதி 1900. (இதில் நூற்றாண்டு 19 என்று ரோமிலேயே பதிந்திருப்பதால் 2000-க்குப் பின்னான வருடம் எதையும் சரியாகக் காட்டாது. திருத்திய ரோம் உண்டு, எனக்கு அது தேவைப்படவில்லை.) நகலை மீட்டதும் என் கோப்புகள் பழையபடி வந்து உட்கார்ந்தன.

கியோசெரா செய்த இதே குடும்பத்தில் என்இசி பிசி-8201 உண்டு; அதன் ரோம் சாக்கெட் வேறு மாதிரி. அதை வைத்திருப்பவர்கள் மாடல் 100-க்கான அட்டையை வாங்கிவிட வேண்டாம்.