தாத்தாவோட தூண்டில் பெட்டி

போன வாரம் பரண்ல இருந்து தாத்தாவோட தூண்டில் பெட்டிய இறக்குனேன், தகர டப்பாதான், மூடி துருப்பிடிச்சு திறக்கவே வரல, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வச்சப்புறம்தான் அசைஞ்சுச்சு. உள்ள நாலஞ்சு தக்கை, ஈயக்குண்டு, தாள்ல சுத்துன முள்ளு, ஒரு பித்தளை ரீல்.

ஒரு தக்கைல பல்லுத்தடம் இருந்துச்சு. என்னோடதுதான் அது! தாத்தா முடிச்சு போடுற வரைக்கும் அத கடிச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஈயக்குண்ட மட்டும் வாய்கிட்ட கொண்டுபோக விடமாட்டாரு, விஷம்டா கண்ணுன்னு உடனே புடுங்கிடுவாரு.

தங்கூசி, அதான் தூண்டில்ல கட்டுற நைலான் நூலு, எல்லாம் போச்சு. நைலான் வெயில் பட்டு பட்டு வலு இழந்துடும், லேசா இழுத்ததுமே பட்டுனு அறுந்துச்சு. 1938-ல நைலான் வர்றதுக்கு முன்னாடி பட்டு நூல்லயும் மீன் புடிச்சாங்க, அத ஒவ்வொரு தடவையும் காயவைக்கலன்னா மக்கிடும். தாத்தா நைலானயும் துடைச்சு காயவச்சுதான் சுத்துவாரு, அது அவங்க அப்பா காலத்துப் பழக்கமா இருக்கும்னு இப்பதான் தோணுது.

அப்பாகிட்ட ரீல குடுத்தேன். ஒண்ணும் பேசல, ரெண்டு சுத்து சுத்துனாரு, அந்த கிளிக் கிளிக் சத்தம் கேட்டதும் கண்ண மூடிக்கிட்டாரு.

பாலிஷ் போட்டா நல்ல விலைக்குப் போகும்னு ஒருத்தர் சொன்னாரு. எனக்கு மனசு வரல, கைப்பிடில தாத்தாவோட கட்டைவிரல் பட்டு தேஞ்ச பள்ளம் இருக்கு, என் விரல் அதுல அப்படியே உக்காருது.

முள்ளும் தங்கூசியும் மட்டும் புதுசா மாத்தியாச்சு. ஞாயித்துக்கிழமை பையன கூட்டிட்டுப் போறேன்.